நான்கு மீன் அளவுகோல்

அளக்க முடியாத எதற்கும் கோப்பில் இடம் கிடையாது. நெல்லை மூட்டையில் அளக்கிறோம், காணியைப் பேர்ச்சில் அளக்கிறோம், உத்தியோகத்தரின் திறமையை அவருக்கு வந்த இடமாற்றங்களில் அளக்கிறோம். பெண்களின் அடிவயிற்று வலி மட்டும் இத்தனை காலமும் அளவில்லாமல் கிடந்துவிட்டது. இந்தக் குறையை மன்னாரில் நிவர்த்தி செய்யும் பொருட்டுக் கொழும்பிலிருந்து ஓர் ஆய்வுத் திட்டம் வந்து சேர்ந்தது. திட்டத்துக்கு ஒரு வெள்ளை வாகனம் இருந்தது, வாகனத்துக்கு ஒரு சாரதி இருந்தார், சாரதிக்கு ஒரு தொப்பி இருந்தது. தொப்பியில் 'வலியை அறிவோம்' என்று அச்சடித்திருந்தது.

விடத்தல்தீவு பிரான்சிஸ்கா தன் வலியைத் தொப்பி இல்லாமலே அறிந்திருந்தாள். பெரியபிள்ளையான காலத்திலிருந்து மாதந்தோறும் வந்துபோகிற வலி. கலியாணம் கட்டினால் சரியாகிவிடும் என்றார்கள். அமல்ராஜைக் கட்டினாள். பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்றார்கள். பிள்ளை வரவில்லை. வராததற்கே அந்த வலியின் மூலகாரணம்தான் காரணமாக இருக்கலாம் என்று ஒரே ஒரு டொக்டர் சொன்னார். கருப்பைக்குள் இருக்கவேண்டிய படலத்தைப் போன்ற ஒன்று வெளியிலும் வளர்ந்து, மாதாமாதம் அங்கே இரத்தம் கசிந்து, உள்ளே இருப்பதையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது, அதற்குப் பெயர் எண்டோமெற்றியோசிஸ் என்று ஆறுதலாக விளக்கினார். வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கமரா விட்டுப் பார்த்தால் உறுதியாகச் சொல்லலாம், அப்போதே வெட்டியும் எடுக்கலாம் என்றார். அடுத்த தடவை போனபோது அந்த டொக்டருக்கு இடமாற்றம் வந்திருந்தது. புதிதாக வந்தவர் பனடோல் மாத்திரை எழுதினார்.

அவளுக்குக் கரையோரத்து நண்டுக் கொம்பனியில் வேலை. அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கவேண்டும், நின்றபடி. வலி வந்த நாட்களில் ஐஸ் பெட்டியில் வயிற்றை முட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்பாள். நண்டுக்கும் அவளுக்கும் அன்றைக்கு அதிக வித்தியாசம் இராது.

ஆகவே, திட்டத்தின் துண்டுப்பிரசுரத்தில் இருந்த ஒரு வரி அவளைப் பிடித்துக்கொண்டது. அதிகூடிய வலிநிலையில் உள்ள பெண்கள் கொழும்புக்கு அழைத்துச் செல்லப்பட்டு, கமராச் சத்திரசிகிச்சை இலவசமாகச் செய்யப்படும். மிச்ச வரிகளில் நோக்கம், குறிக்கோள், இலக்கு, தூரநோக்கு என்பன இருந்தன. அவற்றை அவள் மீன் சுற்றக் கொடுத்துவிட்டாள்.

திட்ட இணைப்பாளர் சசிகரன் நல்ல பிள்ளை. நீர்கொழும்பில் ஒரு ஹொட்டலில் தங்கியிருந்து பங்கேற்புப் பயிற்சி பெற்றவர். அந்தப் பயிற்சிக்குப் பிறகு அவருக்கு எதையும் தனியாகச் செய்ய வராது. வெளிநாட்டு ஆய்வுகளில் வலியைப் பூச்சியத்திலிருந்து பத்து வரை இலக்கத்தில் கேட்பார்களாம். அது அந்நியருடைய முறை, அளவுகோல் இந்த மண்ணிலிருந்து முளைக்கவேண்டும் என்று சசிகரன் கருதினார். முளைப்பதற்காக மன்னார் நகரத்தில் ஒரு மண்டபம் எடுத்து, குத்துவிளக்கு ஏற்றி, சிற்றுண்டிக்குப் பற்றீஸும் றோல்ஸும் வைத்து, வழிநடத்தற் குழு ஒன்றை அமைத்தார். குழுவில் எல்லோரும் ஆண்கள். பெண்களுக்கு அன்று வேலைநாள்.

தலைவராகப் பொன்னையா தெரிவானார். ஓய்வுபெற்ற பிரதம லிகிதர். சேவைக்காலம் முழுவதும் ஒரு கோப்பையும் தொலைத்ததில்லை, ஒன்றையும் முடித்ததுமில்லை. மீனவர் சங்கத் தலைவர் சரிபுதீன் ஹாஜியாரும் குழுவில் இருந்தார். அளவுகோல் பிறந்தது அவருடைய வாயிலிருந்துதான்.

"எங்கட சனத்திட்ட இலக்கத்தைக் கேட்டா முழிக்கும்," என்றார் ஹாஜியார். "மீன்ல கேளுங்கோ. டக்கெண்டு சொல்லும்."

மண் பேசுகிறது என்று சசிகரனுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே மஞ்சள் காகிதத் துண்டுகளில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். முதலாம் நிலை, இறால் முள் குத்தின வலி. நான்காம் நிலை, திருக்கை குத்தின வலி. இந்த இரண்டிலும் கருத்து வேறுபாடு இல்லை. இடையில் வரவேண்டிய ஓரா, கெளிறு என்ற முள் மீன்களில் எது மேல் என்பதில் இரண்டு அமர்வுகள் கழிந்து, ஓரா இரண்டாம் நிலையும் கெளிறு மூன்றாம் நிலையும் ஆயின. ஆளாளுக்கு விரலை நீட்டித் தழும்பு காட்டினார்கள். இறால் ஒரு மீனே அல்ல என்று ஒருவர் சொல்ல, நிர்வாகத் தேவைகளுக்காக அது மீனாகக் கொள்ளப்படும் என்று தலைவர் தீர்ப்பளித்தார். மலையகத்திலிருந்து வந்து கடற்கரைக்குத் தள்ளி உள்ளே தோட்டம் செய்யும் குடும்பங்களின் பிரதிநிதி, தங்கள் பக்கத்துப் பெண்கள் கடலைக் கண்டதே குறைவு, தேளையும் சேர்க்கக்கூடாதா என்று பணிவாகக் கேட்டார். தேள் கரையோர வளங்களுக்குள் வராது என்பதால் அவர் ஓர் உபகுழுவுக்கு அனுப்பப்பட்டார். இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

அளவுகோல் அச்சாகி, பளபளப்பான தாளில் நான்கு மீன்களும் நிறத்தோடு வந்த பிறகுதான் ஒரு சிறிய இடைஞ்சல் தெரியவந்தது. பெரும்பாலான பெண்களை எந்த மீனும் குத்தியிருக்கவில்லை. அவர்களிடம் போய் உன் வலி கெளிறா, திருக்கையா என்று கேட்டால் அவர்கள் எதைக் கொண்டு ஒப்பிடுவார்கள்? அளவுகோலை மாற்றலாமே என்று யாரும் நினைக்கவில்லை, அது அச்சாகிவிட்டதல்லவா. மீன் குத்தின அனுபவம் ஆண்களுக்குத்தான் உண்டு. எனவே மனைவியின் வலியைக் கணவர் சொல்லலாம் என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

விபரம் சேகரிக்க உப்புக்குளத்திலிருந்து றுமைஸா என்ற பெண்ணை வேலைக்கு எடுத்திருந்தார்கள். கணவர்கள் எல்லோரையும் ஒரே இடத்தில் பிடிக்கக்கூடிய இடம் மீன் இறங்குதுறை. அங்கே நின்று, கையிலிருந்த டப்பின் தொடுதிரையைத் தட்டித் தட்டி, வலையில் சிக்கிய மீனைக் கழற்றிக்கொண்டிருந்த ஆண்கள் அத்தனை பேர் நடுவிலும் அவள் கேட்டாள். பதில்கள் வியக்கத்தக்க ஒற்றுமையோடு வந்தன. இறால். இறால். இறால்தான் தங்கச்சி, அவ கொஞ்சம் கூட்டிச் சொல்லுவா. அமல்ராஜ் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு ஓரா என்றான். மற்றவர்கள் அவனை ஏறிட்டுப் பார்த்தார்கள்.

அன்று பின்னேரமே செய்தி பிரான்சிஸ்காவுக்கு வந்துவிட்டது.

"ஓராவோ?" என்றாள்.

"நான் மட்டும்தானே ஓரா எண்டனான். மற்றவங்கள் எல்லாம் இறால்."

"தலகணியைக் கடிச்சுக்கொண்டு கிடக்கிறதை எத்தினை தரம் பாத்திருக்கிறியள்?"

"பாத்திருக்கிறன் தான். அவ்வளவு பேருக்கு முன்னால உன்ர வயித்தைப் பற்றி என்னெண்டு கதைக்கிறது?" என்றான் அமல்ராஜ். பிறகு, குரலைத் தாழ்த்தி, "கெளிறு எண்டு சொல்லத்தான் வாய் வந்தது. வெக்கமாப் போச்சு," என்றான்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஊரிலேயே அதிக வலியுள்ள மனைவியை உடையவன் என்ற பெருமை அவனுக்குத்தான் கிடைத்திருந்தது. ஓராவோடு கொழும்புக்குப் போக முடியாது, அவ்வளவுதான்.

ஒரேயொரு ஓராவைத் தவிர மன்னார்ப் பெண்களுக்கு இறாலுக்கு மேல் வலி இல்லை என்ற அறிக்கை கொழும்புக்குப் போனது. மேலிடத்தில் யாரோ ஒருவர், ஒரு பெண்மணியாக இருக்கவேண்டும், பெண்களின் சொந்தக் குரல் எங்கே என்று கேட்டு எழுதிவிட்டார். குழு அதையும் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டது. பெண்கள் தாங்களே பதில் சொல்லலாம். ஆனால் எந்த மீனின் பெயரைச் சொல்கிறார்களோ அந்த மீன் தங்களைக் குத்தியிருப்பதாக மீனவர் சங்கத்திடம் அத்தாட்சி பெற்றிருக்கவேண்டும். தராசைப் பரிசோதித்து முத்திரை குத்துவதில்லையா என்று கேட்டார் பொன்னையா. எல்லோரும் அதுதானே என்றார்கள்.

சரிபுதீன் ஹாஜியாரின் வாசலில் அடுத்த நாளே பெண்கள் குவிந்தார்கள். ஹாஜியார் இளகிய மனம் உள்ளவர், மூன்று பெண்பிள்ளைகளைப் பெற்றவர். முதலில் இரண்டொருவரிடம் தழும்பைக் கேட்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்துவிட்டுக் கேட்பதை நிறுத்தி, முத்திரையை மட்டும் குத்திக்கொண்டிருந்தார். திருக்கையைக் கறிச்சட்டியில் மட்டும் சந்தித்த பெண்களெல்லாம் அன்று திருக்கையால் குத்துண்டவர்களாக வீடு திரும்பினார்கள். ஒருத்தியும் இறாலுக்கு அத்தாட்சி கேட்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் உண்மையாகவே திருக்கை குத்தினவள் பிரான்சிஸ்கா ஒருத்திதான். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயதில், தகப்பனோடு ஆழமில்லாத கடலில் வலை இழுக்கப் போய், கணுக்காலுக்கு மேலே வாங்கினது. தழும்பு இப்போதும் இருக்கிறது. அவளுக்கு முத்திரை குத்தும்போது மட்டும் ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, பெரிய சாமான்தான் குத்தியிருக்கு என்று மரியாதையோடு சொன்னார்.

றுமைஸா வீட்டுக்கு வந்து டப்பைத் திறந்தாள். நான்கு மீன்களும் திரையில் வரிசையாக நின்றன.

"அக்கா, உங்கட வலி எந்த மீன்?"

"இதில இல்லை."

"இல்லையெண்டா?"

"திருக்கை குத்தினா அண்டைக்கு உயிர் போகும், அடுத்த நாள் வீங்கும், பிறகு ஆறிடும். இது அதைவிடக் கூட. ஆறுறதும் இல்லை."

றுமைஸா தட்டிப் பார்த்தாள். திருக்கைக்கு மேல் தட்ட இடமில்லை. வேறு என்று ஒரு கட்டம் இருந்தது, அதைத் தட்டினால் பதில் செல்லுபடியற்றது என்று சிவப்பில் வந்தது.

"திருக்கை எண்டே போடுவம் அக்கா. லிஸ்டில பேர் வந்திடும்."

கொழும்பு ஒரு தட்டுத் தூரத்தில் இருந்தது. பிரான்சிஸ்காவுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனாலும் வாய் வரவில்லை.

"சின்ன வயசில இருந்து எல்லாரும் குறைச்சுத்தான் சொன்னவை," என்றாள். "இப்ப நானுமோ குறைச்சுச் சொல்லுறது?"

றுமைஸா டப்பை மடியில் கவிழ்த்தாள். மற்றக் கையால் தன் அடிவயிற்றை அழுத்திக்கொண்டிருந்ததைப் பிரான்சிஸ்கா அப்போதுதான் கண்டாள். உனக்குமோ என்று கேட்டாள். திட்டப் பணியாளர்கள் ஆய்வில் பங்கெடுக்க ஏலாது என்றாள் றுமைஸா.

பிரான்சிஸ்கா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, மன்னாருக்கு பஸ் ஏறி, குழுவின் முன் நேரில் முறையிட்டாள். கழுதையொன்று வாசலை மறித்துக்கொண்டு நின்றதால் கூட்டம் பிந்தித்தான் தொடங்கியது. அவளுக்கு ஒரு கதிரையும் ஒரு பற்றீஸும் கொடுத்தார்கள்.

"தங்கச்சி, திருக்கைக்கு மேல ஒண்டுமில்லை," என்றார் பொன்னையா.

"வலியில இருக்கு ஐயா."

"வலியில இருக்கலாம். அளவுகோலில இல்லை. எங்களுக்குப் பொறுப்புத் தந்திருக்கிறது அளவுகோலுக்கு."

ஒருவர், அவளைக் குத்தினது குட்டித் திருக்கையாக இருக்கலாம் என்று சந்தேகம் கிளப்பினார். சரிபுதீன் ஹாஜியார் அதை வன்மையாக மறுத்தார். அது வளர்ந்த திருக்கை, தழும்பைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சாட்சி சொன்னார்.

"அப்ப உங்கட தகைமையை நாங்கள் பூரணமா ஏற்றுக்கொள்ளுறம்," என்றார் பொன்னையா. "பதிலைத்தான் ஏற்றுக்கொள்ள முடியாமல் இருக்கு."

"தகைமை இருக்கிற ஆள் சொல்லுற பதிலைத்தானே ஐயா ஏற்கவேணும்?"

இது ஒரு நல்ல கேள்வி என்று சசிகரன் மஞ்சள் துண்டில் எழுதிச் சுவரில் ஒட்டினார். அளவுகோலுக்கு அப்பாற்பட்ட வலிகள் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், நிதி கிடைக்குமிடத்து, ஆராயப்படும் என்று தீர்மானம் நிறைவேறியது. முத்திரை பெற்ற மற்றப் பெண்களின் பெயர்கள் கொழும்புக்குப் போகவேண்டிய பட்டியலில் ஏறின. உண்மையாகக் குத்துண்டவளின் பெயர் ஏறவில்லை.

இந்த இடத்தில் கடல் தலையிட்டது.

இறுதி அறிக்கையின் முன்னட்டைக்குப் படம் தேவைப்பட்டது. தலைவர் மக்களோடு மக்களாக நிற்கிற படமாக இருந்தால் நல்லது என்று சசிகரன் சொன்னார். ஒரு காலை வெள்ளை வாகனம் விடத்தல்தீவுக் கரைக்கு வந்தது. பொன்னையா சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, கையில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். இன்னும் கொஞ்சம் பின்னுக்கு ஐயா, என்றார் சசிகரன். இன்னும் கொஞ்சம். பின்னுக்குச் சேற்றில் ஒரு திருக்கை தன்பாட்டில் படுத்திருந்தது.

அந்தச் சத்தம் கேட்டு நண்டுக் கொம்பனியிலிருந்து பெண்கள் வெளியே ஓடிவந்தார்கள். பொன்னையா மணலில் புரண்டுகொண்டிருந்தார். சசிகரன் அவருக்கு விசிறிக்கொண்டு நின்றார், அளவுகோலால். திருக்கைக் குத்துக்குச் சுடுதண்ணீர்தான் உடனடி வைத்தியம் என்று அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும், சுடுதண்ணீர் எந்நேரமும் இருக்கிற இடம் நண்டுக் கொம்பனி. பிரான்சிஸ்கா ஓர் அகன்ற சட்டியில் பொறுக்கிற சூட்டில் தண்ணீர் கலந்து கொண்டுவந்து அவருடைய காலை அதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். நண்டு வாசத்தின் நடுவே பிரதம லிகிதர் குழந்தை மாதிரி அழுதார். பெற்றவளைக் கூப்பிட்டார், பிறகு மடுமாதாவைக் கூப்பிட்டார், அவர் சைவர்.

வலி கொஞ்சம் இறங்கியபோது கண்ணைத் திறந்து அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"பிள்ளை, நீதானே கூட்டத்துக்கு வந்தனி. இதைவிடக் கூடவெண்டு சொன்னனி."

"ஓம் ஐயா."

"உண்மையாவோ?"

"ஓம் ஐயா. மாசா மாசம்."

பொன்னையா அவளுடைய கையை இறுகப் பிடித்தார். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "இப்பிடியொரு நோவை வைச்சுக்கொண்டோ நீங்களெல்லாம் சமைச்சு, வேலைக்கும் போறியள்," என்றார். "இதுக்கு நான் ஒரு முடிவு கட்டுறன் பிள்ளை. இது சத்தியம்."

வெள்ளை வாகனம் அவரை ஏற்றிக்கொண்டு போனது. தேவன் கடைசியில் சரியான மீனை அனுப்பியிருக்கிறார் என்று பிரான்சிஸ்கா நினைத்தாள். அன்றிரவு அமல்ராஜிடம் கொழும்பில் எங்கே தங்கலாம் என்றுகூடக் கதைத்தாள். மட்டக்குளியில் சின்னம்மா முறையான ஒருத்தி இருக்கிறாள் என்றான் அவன். அடுத்த நாள் போன் எடுத்துச் சொல்லியும் வைத்தான், கெளிறு என்று சொல்ல வெட்கப்பட்டவன், சின்னம்மாவிடம் திருக்கையைவிடக் கூட என்று சத்தமாகவே சொன்னான்.

பொன்னையா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஊன்றுகோலோடு வந்து விசேட கூட்டம் கூட்டினார். அனுபவித்தவர் பேசினால் அதில் ஒரு வேகம் இருக்கும். குழுவில் ஒருவரும் கண் துடைக்காமல் இல்லை. நமது பெண்கள் அனுபவிப்பது என்ன என்பதைத் தன்னுடைய சொந்தக் காலில் உணர்ந்துவிட்டதாகச் சொன்னார். பட்டியலைத் தூக்கிக் காட்டினார். இத்தனை பெண்கள், ஒவ்வொருவரும் திருக்கையால் குத்துண்டதற்குச் சங்கத்தின் அத்தாட்சி இருக்கிறது. குத்தின பிறகு கொழும்புக்குக் கொண்டுபோய் வயிற்றில் துளை போடுவதால் யாருக்கு என்ன நன்மை? வருமுன் காக்கவேண்டாமா? மண்டபம் கைதட்டியது. சத்திரசிகிச்சைக்கு ஒதுக்கிய பணம் முழுவதையும் தடுப்பு நடவடிக்கைக்கு மாற்றி, பாதிக்கப்பட்ட சகல பெண்களுக்கும் முழங்கால்வரை உயரமான றப்பர் பூட்ஸ் வழங்குவது என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. அத்தாட்சிகளெல்லாம் பொய் என்று சரிபுதீன் ஹாஜியார் சொல்லியிருக்கலாம். தன் முத்திரையைத் தானே பொய்யாக்குவது யாருக்கும் சிரமம்தான். பெண்கள் சொல்லியிருக்கலாம். பொய் அத்தாட்சி எடுத்ததற்கு என்ன தண்டனை என்று ஒருத்திக்கும் தெரியவில்லை, கேட்டுப் பார்க்கவும் துணியவில்லை.

ஒரு விதிவிலக்கும் செய்யப்பட்டது. பட்டியலில் இல்லாவிட்டாலும், தலைவரின் காலைக் காப்பாற்றியதைக் கௌரவித்து, முதல் சோடி பிரான்சிஸ்காவுக்கு வழங்கப்படும்.

விழா சிறப்பாக நடந்தது. 'வலியற்ற மன்னார்' என்ற பதாகையின் ஒரு மூலையைக் கழுதை தின்றுவிட்டதைத் தவிர வேறு குறை இல்லை. மொத்தமாக வாங்கினால் மலிவு என்பதால் பூட்ஸ் எல்லாம் ஒரே அளவில், ஆண்கள் அளவில் வந்திருந்தன. யாரும் முறையிடவில்லை. வீட்டில் பொருத்தமான கால்கள் இருந்தன. பிரான்சிஸ்கா மேடையில் ஏறி பூட்ஸை வாங்கினாள். பொன்னையா அவளுடைய தலையில் கை வைத்து, இனி உனக்கு அந்த நோவு வராது பிள்ளை என்றார். அவர் அதை மனதார நம்பினார். படம் எடுத்தார்கள். அவள் எதையும் வீசி எறியவில்லை. பூட்ஸ் நல்ல தரமானதாக இருந்தது, கடையில் விலை அதிகம், அமல்ராஜிடம் இருந்தது கிழிந்துபோயிருந்தது.

சில மாதம் கழித்துப் பின்தொடர் ஆய்வுக்கு றுமைஸா வந்தாள். பிரான்சிஸ்கா சிமெந்துத் தரையில் முழங்காலை நெஞ்சோடு மடித்துக்கொண்டு கிடந்தாள். பூட்ஸ் சோடி கதவடியில் நின்றது.

"எழும்பாதேங்கோ அக்கா. ஒரே ஒரு கேள்விதான்," என்றாள் றுமைஸா. அவளும் சுவரோடு சாய்ந்து மெல்லக் கீழே இருந்தாள். "பூட்ஸ் கிடைச்ச பிறகு திருக்கை குத்தினதோ?"

"இல்லை."

றுமைஸா தட்டினாள். திரையில் பச்சை நிறத்தில் ஒரு பூ விரிந்தது. வலி முற்றாக நீங்கியது என்று எழுத்து வந்தது. அவள் திரையைப் பிரான்சிஸ்காவின் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"வேற ஏதும் சொல்ல இருக்கோ அக்கா? இதில ஒரு கட்டம் இருக்கு, எழுதலாம்."

பிரான்சிஸ்காவுக்கு வலியின் நடுவிலும் ஒரு சிரிப்பு வந்தது.

"வலி வாற நேரத்தில பூட்ஸைப் போட்டுக்கொண்டு படுக்கிறதோ, கழட்டிப்போட்டுப் படுக்கிறதோ எண்டு கேட்டு எழுது," என்றாள்.

றுமைஸா சொன்னது சொன்னபடி எழுதினாள்.

திட்டம் மாபெரும் வெற்றியெனக் கொழும்பில் அறிவிக்கப்பட்டு, ஏனைய கரையோர மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. பொன்னையா பயிற்சி வழங்கப் போய்வருகிறார். வந்த கேள்விகளில் ஒன்றையேனும் பதிலில்லாமல் விடுகிற வழக்கம் குழுவுக்கு இல்லை. பிரான்சிஸ்காவின் கேள்வி உபகுழு ஒன்றால் விரிவாக ஆராயப்பட்டு, தலைவரின் கையொப்பத்தோடு அவளுக்குப் பதில் வந்து சேர்ந்தது. வலி ஏற்படும் சந்தர்ப்பங்களில் பூட்ஸை அணிந்து படுப்பதில் ஆட்சேபனை இல்லை. எனினும், கணவர் தொழிலுக்குச் செல்லாத நாட்களில் மட்டும்.